பேட்டரி மேல் பழி போடும் முன்: பெரிய லித்தியம் பேக்குக்கு சோலார் சார்ஜிங், அறிகுறிவாரியாகப் பிழை நீக்கல்

ஈய அமில பேட்டரியைக் கழற்றிவிட்டு லித்தியம் பேக் போட்ட வீடுகளிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, பேட்டரி போச்சுன்னு நினைக்கேன்." போய்ப் பார்த்தால் செல்கள் நல்லபடியாக இருக்கும். பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஏதோ ஒரு செட்டிங்கோ, லக்கோ (வயர் முனையில் அடிக்கும் உலோகக் காது), பிரேக்கரோதான் தகராறு செய்யும். அதனால் பேட்டரிப் பெட்டியைத் திறக்கும் வேலையை இங்கே கடைசிக்குத் தள்ளியிருக்கிறேன்.

கணக்குக்காக ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல் 16, சீரிஸ் (ஒன்றன் பின் ஒன்றாக), 280 ஆம்பியர் ஹவர். அதாவது 51.2 வோல்ட், ஏறக்குறைய 14.3 கிலோவாட் ஹவர். கூரையில் 545 வாட் பேனல் நான்கு. இரண்டிரண்டாக சீரிஸ், அந்த இரண்டு ஜோடியும் பேரலல் (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்). நடுவில், பேனல் தருவதைப் பேட்டரிக்கு ஏற்ற வோல்ட்டாக மாற்றும் 150 வோல்ட், 60 ஆம்பியர் எம்பிபிடி கன்ட்ரோலர். உங்களுடையது வேறு அளவு என்றால் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். சார்ஜை முடித்துவைக்க வேண்டியது கன்ட்ரோலர். பேக்குக்குள் இருந்து செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் கடைசிக் காவல்தான். அது தினமும் குறுக்கே வந்து சார்ஜை வெட்டுகிறது என்றால் வடிவமைப்பில் எங்கோ குறை இருக்கிறது. கீழே வரும் பிழைகளில் பாதி இதிலிருந்து பிறந்தவை.

கை வைக்கும் முன்

மோதிரம், காப்பு, கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். 48 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று சிலர் அலட்சியமாக இருப்பார்கள். இங்கே ஆபத்து ஷாக் இல்லை. இந்த அளவு பேக்கில் ஒரு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் ஓடும். ஸ்பேனர் சிவந்து உருகும். ஸ்பேனரின் கைப்பிடி முழுக்க இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டுத்தான் பேக் பக்கம் போக வேண்டும்.

நிறுத்தும்போது முதலில் பேனல் பிரேக்கர், அப்புறம் இன்வெர்ட்டர், கடைசியாக பேட்டரி. திரும்பப் போடும்போது பேட்டரி முதலில், பேனல் கடைசியில். இந்த வரிசை மாறியதால் மட்டுமே செத்துப்போகும் கன்ட்ரோலர்கள் உண்டு.

பேக்கின் வேதியியலையும் செல் எண்ணிக்கையையும் உறுதி செய்யுங்கள். "48 வோல்ட்" என்று மேலே எழுதியிருப்பதை நம்பவே நம்பாதீர்கள். எல்எஃப்பி 16 செல்லும் அந்தப் பெயரில்தான் வரும். செல்போன் டவர்களிலிருந்து கழற்றி விற்கப்படும் 15 செல் பேக்கும் அதே பெயரில் வரும். மின் வண்டியிலிருந்து எடுத்த என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் வகை லித்தியம்) 13 செல் பேக்கும் அதே பெயர்தான். 16 செல் எல்எஃப்பிக்கு ஏற்ற 56 வோல்ட்டை 15 செல்லுக்குக் கொடுத்தால் ஒரு செல்லுக்கு 3.73 வோல்ட், 3.65 வரம்பைத் தாண்டிவிட்டது. 13 செல் என்எம்சிக்குக் கொடுத்தால் 4.31, அதன் வரம்பு 4.2. என்எம்சியில் இப்படி வரம்பு மீறுவது தீ வரைக்கும் போகக்கூடிய விஷயம். செல் எண்ணிக்கை தெரியாமல் எந்த செட்டிங்கையும் தொடாதீர்கள்.

சரி, இப்போது நல்ல வெயிலில், காலை 11 மணிக்கும் 1 மணிக்கும் நடுவில், நான்கு அளவுகள் எடுங்கள். கன்ட்ரோலரின் பேனல் முனையில் வோல்ட். அதன் பேட்டரி முனையில் வோல்ட். பேக்கின் முனையிலேயே மீட்டரை வைத்து வோல்ட். பிஎம்எஸ் ஆப்பில் மிக உயர்ந்த செல், மிகத் தாழ்ந்த செல். ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இனி எந்த அறிகுறிக்கும் இந்த நான்கு எண்கள்தான் வழிகாட்டும்.

பேனலில் வோல்ட் இருக்கிறது, ஆம்பியர் மட்டும் பூஜ்யம்

பேனல் வோல்ட் பேட்டரி வோல்ட்டை விடப் போதிய அளவு அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். 545 வாட் பேனல் ஒன்றின் வேலை வோல்ட் சுமார் 41.8. எல்லாப் பேனலையும் பேரலலில் போட்டிருந்தால் 51 வோல்ட் பேட்டரிக்குள் ஒரு ஆம்பியர்கூடத் தள்ள முடியாது. வெறுமனே அளந்தால் 49 காட்டும்; பார்ப்பவர் "வோல்ட் வருதே" என்று குழம்புவார். இரண்டை சீரிஸ் ஆக்கினால் 83. நம் ஊர் வெயிலில் பேனல் 65 டிகிரி வரை காய்ந்து வோல்ட் 14 சதவீதம் போல விழுந்தாலும் 72 மிஞ்சும். தாராளம்.

மூன்றை சீரிஸ் போட்டால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. பேனலின் திறந்த வோல்ட், அதாவது எதிலும் இணைக்காமல் அளப்பது, 49.6. மூன்றுக்கு 149. இது 25 டிகிரியில் எடுத்த கணக்கு. நம் குமரி மாவட்டத்தில் பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் இரவெல்லாம் மழை பெய்து, விடியலில் வெயில் சட்டென்று அடித்தால் பேனல் 20 டிகிரியில் இருக்கும். வோல்ட் 151 ஆகிவிடும். 150 வோல்ட் கன்ட்ரோலர் அன்றே போய்விடலாம். வாரண்டியும் கிடைக்காது. இதே காரணத்துக்காக, இரண்டு பேனல் சீரிஸை 100 வோல்ட் கன்ட்ரோலரில் மாட்டுவதும் கூடாது. 99 வோல்ட் என்பது 100க்குள் இருப்பது போலத் தெரியும், அவ்வளவுதான்.

வோல்ட் சரியாக இருந்தும் பூஜ்யம் என்றால் கன்ட்ரோலர் பேட்டரியைத் தவறாக அடையாளம் கண்டிருக்கலாம். பல கன்ட்ரோலர்கள் முதலில் இணைக்கும்போது 12, 24, 48 எது என்று தாமாகவே கண்டுகொள்ளும். அந்த நேரத்தில் பேக் மிகவும் இறங்கியிருந்தாலோ பிஎம்எஸ் தூங்கிக்கொண்டிருந்தாலோ தவறான வோல்ட்டில் நின்றுவிடும். தானியங்கி வேண்டாம், 48 என்று கையால் அமைத்துவிடுங்கள்.

மதியம் ஆனால் சார்ஜ் வெட்டி வெட்டிப் போகிறது

இதுதான் அதிகம் வரும் புகார். காலையில் 30 ஆம்பியர் நன்றாக ஏறும். 12 மணி சுமாருக்கு பூஜ்யம். ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஏறும், மறுபடி பூஜ்யம். சில இன்வெர்ட்டர்கள் அந்த நேரத்தில் பீப் போடும், வீட்டு லைட் ஒரு முறை மின்னும்.

நடப்பது இதுதான்: ஏதோ ஒரு செல் 3.65ஐத் தொட்டதும் பிஎம்எஸ் சார்ஜை வெட்டுகிறது. அந்த நொடியில் கன்ட்ரோலர் தள்ளிக்கொண்டிருந்த ஆம்பியர் போக இடமில்லாமல் அதன் வெளியீட்டில் வோல்ட் எகிறுகிறது. இது தினமும் நடந்தால் கன்ட்ரோலரோ இன்வெர்ட்டரோ ஒரு நாள் உயிரை விடும். வெட்டுவது நின்றே ஆக வேண்டும்.

முதலில் கன்ட்ரோலரின் செட்டிங். ஈய பேட்டரி காலத்து புரொஃபைல் அப்படியே கிடக்கிறதா என்று பாருங்கள். ஈய பேட்டரிக்கு ஈக்வலைஸ் என்று 58 வோல்ட்டுக்கு மேல் ஏற்றும் ஒரு வேலை உண்டு. லித்தியத்துக்கு அது அறவே கூடாது; அணைத்துவிடுங்கள். வெப்பநிலைக்குத் தக்கபடி வோல்ட்டை ஏற்றி இறக்கும் வசதியையும் பூஜ்யமாக்குங்கள். அது ஈய செல் ஒன்றுக்கு டிகிரிக்கு 3 மில்லிவோல்ட் வீதம் குறைக்கும். 48 வோல்ட் ஈய பேட்டரியின் 24 செல் கணக்கில், அறை 40 டிகிரி என்றால் ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்துவிடும். அப்போது பேக் எந்நாளும் நிறையாது.

16 செல் எல்எஃப்பிக்கு நான் வைப்பது: பல்க் (முழு ஆம்பியரில் ஏற்றுவது), அப்சார்ப்ஷன் (உச்ச வோல்ட்டில் நிறுத்தி நிறைப்பது) 56.0 வோல்ட், அதாவது செல்லுக்கு 3.5. அதில் 30 முதல் 60 நிமிடம். நிறைந்த பிறகு பிடித்து வைக்கும் ஃப்ளோட் 53.6. பேக் தயாரித்தவர் தாளில் வேறு எண் கொடுத்திருந்தால் அதுதான் சரி. 58.4 வரை ஏற்றினால்தான் முழுதாக நிறையும் என்பது வீண் ஆசை. 3.5க்கு மேல் எல்எஃப்பியில் மிச்சமிருக்கும் கொள்ளளவு மிகவும் கொஞ்சம். அதற்காக செல்லின் ஆயுளைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

56க்குக் குறைத்தும் வெட்டுகிறதா? அப்படியானால் செல்கள் சமமாக இல்லை. 12 மணிக்கு ஆப்பைத் திறந்து பாருங்கள். பதினைந்து செல் 3.42இல் சாவகாசமாக நிற்கும். ஒன்று மட்டும் கண் முன்னே 3.55, 3.60, 3.64 என்று ஓடும். அந்த ஒரு செல்தான் மொத்த பேக்கையும் நிறுத்துகிறது. அது கெட்ட செல் என்று முடிவு கட்டாதீர்கள். மற்றவற்றை விட அதில் சார்ஜ் கூடுதலாக இருக்கிறது, அவ்வளவே.

பிஎம்எஸ்ஸிலேயே செல்களைச் சமப்படுத்தும் பேலன்சர் இருக்கிறதே என்பீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 280 ஆம்பியர் ஹவரில் 5 சதவீத வித்தியாசம் என்றால் 14 ஆம்பியர் ஹவர். சாதாரண பிஎம்எஸ் பேலன்சர் 100 மில்லிஆம்பியர் அளவில்தான் எரிக்கும். 140 மணி நேரம் வேண்டும். அதுவும் செல் 3.4க்கு மேல் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும்படி வைத்திருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்றால் மாதக்கணக்காகும். பெரிய செல்லுக்கு, எரிக்காமல் ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு சார்ஜை மாற்றும் 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் ஒன்று சேர்த்தால் அதே வித்தியாசம் ஏறக்குறைய 7 மணி நேரத்தில் தீரும். அதையும் 3.4க்கு மேல் மட்டும் ஓடும்படி வையுங்கள். நடுப்பகுதியில் எல்எஃப்பியின் வோல்ட் கிட்டத்தட்ட சமதளம். அங்கே பேலன்ஸ் செய்யவிட்டால் தவறான செல்லை இறக்கிவிடும்.

பேக்கை நீங்களே கட்டுவதாக இருந்தால் இந்தத் தொல்லையை முளையிலேயே கிள்ளலாம். 16 செல்லையும் பேரலலில் இணைத்து, பெஞ்ச் பவர் சப்ளையில் 3.65 வைத்து, ஆம்பியர் கிட்டத்தட்ட பூஜ்யம் ஆகும் வரை விடுங்கள். பல நாள் ஆகும். அப்புறம் சீரிஸ் கட்டுங்கள்.

பேலன்ஸ் ஆகும் வரை தற்காலிகமாக வோல்ட்டை 55.2க்கு இறக்கி வையுங்கள். எந்த செல்லும் 3.6ஐத் தொடாமல் பார்த்துக்கொண்டு, நாளாக ஆக 0.2 வோல்ட் வீதம் ஏற்றிக்கொண்டு வரலாம்.

நல்ல வெயில், ஆம்பியர் மட்டும் பாதி

ஒரு ஜோடிக்கு ஒன்றாக இரண்டு பேனல் வயரையும் டிசி கிளாம்ப் மீட்டரால் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய ஒரே ஆம்பியர் வர வேண்டும். ஒன்று 12, மற்றொன்று 6 என்றால் அந்த ஜோடியில் நிழலோ இணைப்போ.

நம் மாவட்டத்தில் நிழல் என்றாலே தென்னைதான். வீட்டைச் சுற்றி விளை (தோப்பு) இருந்தால் ஒரு மட்டை காற்றில் சாய்ந்து விழும் நிழலே போதும். பேனலுக்குள் பெரும்பாலும் மூன்று பைபாஸ் டையோடு இருக்கும். நிழல் பட்ட பகுதியை அது தாண்டிப் போகும்போது பேனலின் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி போய்விடும். "இத்தனூண்டு நிழல்தானே" என்று விடக்கூடாது.

பலரும் கவனிக்காத ஒன்று: நாம் 8 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். மாடிப்படி அறைக்குத் தெற்கே பேனல் வைத்துவிட்டு நிழலே விழாது என்று நினைத்திருப்பார்கள். ஜூன் கடைசியில், 3 மீட்டர் உயர அறை நண்பகலிலேயே 80 சென்டிமீட்டர் போல தெற்கே நிழல் போடும். தை மாதம் நன்றாக ஓடியது ஆனி மாதம் பாதியானால் பேட்டரியை விட்டுவிட்டு மாடிக்குப் போய்ப் பாருங்கள். சாய்வு 10 டிகிரி போதும், தெற்குப் பார்த்து. அதற்கும் குறைத்தால் மழைநீர் வழியாமல் கீழ் ஓரத்தில் அழுக்குக் கோடு படியும்.

கடற்கரை ஊர்களில், குளச்சலிலிருந்து மணவாளக்குறிச்சி, முட்டம் வரை, உப்பு ஒரு தனி அத்தியாயம். பேனல் மேல் படிவதைத் தண்ணீரால் காலையிலேயே கழுவிவிடலாம். கண்ணாடி காய்ந்திருக்கும் நண்பகலில் ஊற்ற வேண்டாம். இணைப்புக்குள் போகும் உப்புதான் கெடுக்கிறது. பேனல் வயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரைப் பிரித்தால் பளபளக்க வேண்டிய ஊசியில் பச்சை பூத்திருக்கும். வயரின் உறையை ஒரு அங்குலம் சீவிப் பாருங்கள்; உள்ளே செம்பு இழைகள் கறுத்துப்போயிருந்தால், அது எவ்வளவு தூரம் உள்ளே ஏறியிருக்கிறது என்று சீவிக்கொண்டே போய், நல்ல நிறம் வரும் இடத்தில் வெட்டுங்கள். கறுத்த இழை மேல் புது லக் அடிப்பது வேலை இல்லை. கடலோரத்துக்கு ஈயம் பூசிய செம்பு வயர்தான். ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனி கனெக்டராக இருக்க வேண்டும். வெவ்வேறு கம்பெனியுடையது பொருந்துவது போல இருக்கும், ஆனால் உள்ளே சூடாகும்.

ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் என்றால் உப்பை விடக் காற்று. கனெக்டர்கள் தொங்கி ஆடிக்கொண்டே இருந்தால் நாளடைவில் தளரும். வயரை ஃபிரேமோடு கட்டுங்கள். ஒவ்வொரு காற்று சீசனுக்கும் முன்னால் கிளாம்ப் நட்டுகளை ஒரு தரம் இறுக்குங்கள்.

கன்ட்ரோலர் 56 காட்டுகிறது, பேக்கில் 55.3தான்

நடுவில் உள்ள கேபிளும் மூட்டுகளும் அந்த 0.7ஐத் தின்கின்றன. 10 சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு சுமார் 1.83 மில்லிஓம். 5 மீட்டர் தூரம் என்றால் போக வர 10 மீட்டர். 40 ஆம்பியரில் 0.73 வோல்ட் போய்விடும். கன்ட்ரோலர் நிறைந்துவிட்டதாக நினைத்து சீக்கிரமே ஆம்பியரைக் குறைக்கும். 25 சதுர மில்லிமீட்டர் போட்டால் 0.3க்குள் வந்துவிடும். கன்ட்ரோலரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே வைப்பது அதைவிட மலிவு. நீள வயர் பேனல் பக்கம் இருக்கட்டும், அங்கே வோல்ட் அதிகம், ஆம்பியர் குறைவு.

கணக்குப்படி வர வேண்டியதை விட அதிகம் விழுகிறது என்றால் மூட்டு. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையை லக்கிலும் மறுமுனையை அது உட்கார்ந்திருக்கும் போல்ட்டிலும் வைத்து, ஒவ்வொரு மூட்டாக ஓட்டத்தின்போதே அளங்கள். சில மில்லிவோல்ட் தாண்டுவது எதுவோ அதுதான் குற்றவாளி. இன்வெர்ட்டர் 100 ஆம்பியர் இழுக்கும்போது ஒரு மில்லிஓம் மூட்டு 10 வாட் சூடாகும். சிறிய இடத்தில் அது பிளாஸ்டிக்கை உருக்கப் போதும்.

பிரேக்கர் சூடானாலோ கருகினாலோ அதன் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வீட்டு ஏசி எம்சிபியை டிசியில் போட்டிருப்பார்கள். டிசியில் பொறி தானாக அணையாது. திறந்த பிறகும் உள்ளே எரிந்துகொண்டே இருக்கும். டிசி எம்சிபியிலும் சிலவற்றுக்கு பிளஸ், மைனஸ் திசை உண்டு. தலைகீழாகப் போட்டால் அதுவும் பொறியை அணைக்காது. பேக்கின் வாயிலில் பிரேக்கர் மட்டும் போதாது. பல ஆயிரம் ஆம்பியரை அறுக்கக்கூடிய கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் வேண்டும்.

100 சதவீதம் காட்டிவிட்டு இரவில் படுத்துவிடுகிறது

பிஎம்எஸ் சதவீதத்தை வோல்ட்டை வைத்துச் சொல்வதில்லை. உள்ளே போன, வெளியே வந்த ஆம்பியரை எண்ணிச் சொல்கிறது. சிறிய ஓட்டங்களை அது சரியாக எண்ணாது. ஒரு ரவுட்டர், இரண்டு கேமரா, இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு எல்லாம் கணக்கில் விட்டுப்போய், நாளுக்கு நாள் பிழை சேரும். பேக்கை 56 வோல்ட்டில் உண்மையாகவே நிறைத்து, ஆம்பியர் 14க்குக் கீழே, அதாவது 5 சதவீதத்துக்குக் கீழே, இறங்கும் வரை விட்டால் எண் தானாகவே 100இல் திருந்தும். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் நிறையாமல் கிடந்த பேக்கில் சதவீதத்தை நம்பவே வேண்டாம்.

எவ்வளவு சார்ஜ் ஆனாலும் மாலைக்குள் நிறைவதே இல்லை

பழுது எதுவுமே இல்லாமலும் இப்படி ஆகும். 2,180 வாட் பேனல், நல்ல நாளில் 5 மணி நேர முழு வெயில், இழப்பெல்லாம் போக 75 சதவீதம் என்றால் 8 கிலோவாட் ஹவர் சொச்சம். பேக் 14.3. வீட்டில் எதுவுமே ஓடாவிட்டாலும் காலியான பேக் ஒரே நாளில் நிறையாது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. குலசேகரம், திற்பரப்புப் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் உற்பத்தி கால்வாசிக்கும் இறங்கும் நாட்கள் வரும். பேட்டரியைப் பெரிதாக்குவதில் பணத்தைக் கொட்டிவிட்டு பேனலைச் சிறிதாக வைப்பதுதான் நான் பார்க்கும் பெரிய தவறு. ஒக்கிப் புயலின்போது, 2017 நவம்பர் 30க்குப் பிறகு, நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்களில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. பேனலைக் கூட்டுங்கள், அது முடியாவிட்டால் மின்வாரியக் கரண்டிலிருந்து ஏற்றும் வழியை இன்வெர்ட்டரில் திறந்து வையுங்கள்.

பேக் செத்தது போல, முனையில் வோல்ட்டே இல்லை

பிஎம்எஸ் தாழ்ந்த வோல்ட்டில் அடைத்துக்கொண்டு தூங்கிவிட்டது. முனையில் வோல்ட் இல்லாததால் கன்ட்ரோலரும் எழாது. ஒன்று ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். பிஎம்எஸ்ஸில் எழுப்பும் பட்டன் இருந்தால் அழுத்துங்கள். இல்லையென்றால் லித்தியத்துக்கான 48 வோல்ட் மெயின்ஸ் சார்ஜரை முனையில் கொடுத்தால் பெரும்பாலும் எழும். அதற்கு முன் ஒவ்வொரு செல்லையும் தனியே அளங்கள். 2.5க்கு மேல் இருந்தால் பயமில்லை. 2 வோல்ட்டுக்குக் கீழே போனதற்கு மிகச் சிறிய ஆம்பியர்தான், பக்கத்திலேயே இருந்து பார்த்தபடி. 1.5க்குக் கீழே நெடுநாள் கிடந்த செல்லை மீட்க முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். உள்ளே செம்பு கரைந்து ஷார்ட் ஆகும் வாய்ப்பு உண்டு.

இது திரும்ப வராமல் இருக்க, இன்வெர்ட்டர் வோல்ட் இறங்கினால் தானாக நிற்கும் அளவை (லோ கட்) 49 அல்லது 50 வோல்ட்டில் வையுங்கள். இறக்குவதையும் பிஎம்எஸ் பொறுப்பில் விடக்கூடாது.

இன்வெர்ட்டரை இணைத்த நொடியில் மட்டும் பிஎம்எஸ் ஷார்ட் என்று அடைத்தால், அது இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர் இழுப்பு. 25 முதல் 50 ஓம் வரையிலான பவர் ரெசிஸ்டர் வழியாகச் சில விநாடி நிறைத்துவிட்டு, அப்புறம் மெயின் இணைப்பைக் கொடுங்கள்.

இடி இடித்த மறுநாள் எதுவும் வேலை செய்யவில்லை

ஐப்பசி கார்த்திகை மாலைகளில் இது சகஜம். பேனல் வயர் பெட்டியில், மின்னலால் எகிறும் வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பும் எஸ்பிடியின் சிறிய ஜன்னலைப் பாருங்கள். பச்சை சிவப்பாகியிருந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. அதில் செருகியிருக்கும் கட்டையை (கார்ட்ரிட்ஜ்) மட்டும் மாற்றினால் போதும். எஸ்பிடியே போடவில்லை என்றால் கன்ட்ரோலர் உள்ளீட்டில் ஷார்ட் இருக்கிறதா என்று சோதியுங்கள். டிசி எஸ்பிடியும், பேனல் ஃபிரேமிலிருந்து நேராக இறங்கும் எர்த்தும் சேர்ந்துதான் காக்கும். ஒன்று இல்லாமல் மற்றது பயனில்லை. வானம் கறுத்தால் பேனல் ஐசொலேட்டரை ஆஃப் செய்து, பிளஸ், மைனஸ் இரண்டு முனையையும் துண்டித்துவிடுங்கள்.

வீக்கம், இனிப்பான கரைப்பான் வாடை, ஒரு செல் மட்டும் கொதிப்பு

இதற்குப் பிழை நீக்கம் கிடையாது. பேனல் பிரேக்கரை இறக்குங்கள், இன்வெர்ட்டரை நிறுத்துங்கள், வீட்டில் உள்ளவர்களை வெளியே அனுப்புங்கள், சன்னல்களைத் திறந்துவிடுங்கள். புகை வந்தால் அந்த அறைக்குள் திரும்பப் போகாதீர்கள். அந்த வாயு விஷம், தீப்பற்றவும் செய்யும். கார்பன் டை ஆக்சைடு அணைப்பான் சுடரை அமர்த்தினாலும் உள்ளே ஏறும் சூட்டை நிறுத்தாது. சூட்டை இறக்க நிறையத் தண்ணீர் வேண்டும், அதைத் தீயணைப்புத் துறை பார்த்துக்கொள்ளட்டும். 101க்கோ 112க்கோ அழைத்து, எரிவது லித்தியம் பேட்டரி என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.